கை பொறுக்கும் சூடு

சட்டைப் பையில் ஒரு நாசிலை வைத்துக்கொண்டு, கொட்டாம்பட்டியிலிருந்து மதுரை வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். பாதி வண்டி காலியாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். கால் ஆடினால் பக்கத்து ஆள் முதலில் காலைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார். அதற்கு நிற்பதே மேல். மேலூர் தாண்டியதும் நடத்துநருக்குப் பொறுக்கவில்லை.

"சார், உக்காந்து வந்தாலும் அதே டிக்கெட்டுதான்."

"இருக்கட்டும்ணே, நிக்கிறேன்."

"நீங்க நின்னா வண்டி வெரசாப் போகும்னு நெனப்போ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல?

நாசில் என்பது விரல் நீளத்து இரும்பு. டீசலைத் தூறலாக்கி எஞ்சினுக்குள் பீய்ச்சுவது அதன் வேலை. அக்கா அதைத் தன் கையாலேயே கழற்றி, பழைய பாவாடைத் துணியில் சுற்றி, "செல்லூருல குடுத்துச் சரி பண்ணிட்டு நாளைக்குக் காலையில வந்துரு" என்று கொடுத்திருந்தாள். அதற்குமேல் அவளிடம் நாள் இல்லை. மழை ஐப்பசியோடு நின்றுவிட்டது. மார்கழியில் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் பால் அரிசியாகும். பாயாவிட்டால் பதராகும். கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை மேலே தூக்கும் ஆயில் எஞ்சினுக்குத்தான் எண்ணெய் போதவில்லை. கரண்டுக்கு எழுதிப்போட்டு அவள் வரிசையில் காத்திருந்தாள். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் டேங்கர் வரவில்லை, இன்னும் நாலைந்து நாளாகும் என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் இருந்தது ஐந்து லிட்டர் கேன் ஒன்று.

அக்காவுக்கு வயல் நாலு துண்டு. கிணற்றையொட்டி முதல் துண்டு, பனைகளுக்கு அந்தப் பக்கம் நாலாவது. தண்ணீர் பாய்ச்சும் நேரத்தை அவள் கடிகாரத்தில் பார்ப்பதில்லை, ஜெபமாலையில் பார்ப்பாள். மம்பட்டியால் வயலின் வாயைத் திறந்துவிட்டு, விரலில் மணியை உருட்டிக்கொண்டே வரப்பில் நிற்பாள். மூன்று முழு ஜெபமாலை சொன்னால் ஒரு துண்டு நனையும். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்களில் இது சாதாரணம். எதிர்த் தோட்டத்துக்காரியும் அப்படித்தான் பாய்ச்சுவாள். அவள் கொஞ்சம் வேகமாகச் சொல்லுவாள், அதனால் அவளுக்கு நாலு. டீசலுக்கும் அதே அளவுதான். லிட்டருக்கு ரெண்டு ஜெபமாலை. அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம், உலகத்தில் எந்த எஞ்சினின் திறனையும் இப்படி யாரும் அளந்திருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நாலு துண்டுக்குப் பன்னிரண்டு ஜெபமாலை வேண்டும். ஐந்து லிட்டரில் பத்து. நாலாவது துண்டில் மூன்றில் ஒரு பங்கு நனையும்போது எஞ்சின் நிற்கும். இந்த வருடம் மட்டுமல்ல, எட்டு வருடமாகவே ஏதோ ஒரு காரணத்தில் அந்தத் துண்டுக்குத்தான் தண்ணீர் குறையும். அறுப்பின்போது அங்கே கதிரை உருவினால் உள்ளங்கையில் உமிதான் நிற்கும். ஊதினால் பறந்துவிடும். "அது பொறந்த நேரம்" என்பாள் அக்கா. ஒரு வயலுக்கு அப்படி என்ன பிறந்த நேரம்?

மாட்டுத்தாவணியில் இறங்கி, வேறு பேருந்து பிடித்து, செல்லூர்ச் சந்துக்குள் நுழைந்தேன். இரண்டு பக்கமும் விசைத்தறி. தறிகள் இருக்கும் சந்தில் நடப்பது எனக்குப் பிடிக்கும். அங்கே என்னைவிட அவசரமாக எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. நாசில் பார்க்கும் பட்டறை இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் என் வயதுக்காரர். பேசுவது எல்லாமே கத்தல்தான். அந்தச் சத்தத்துக்குப் பழகிய தொண்டை.

அவர் நாசிலை ஒரு கைப்பம்பில் மாட்டி அழுத்தினார். தூறல் வரவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சொட்டு தொங்கியது.

"பாருங்கண்ணே, சளி புடிச்ச மூக்கு மாதிரி ஒழுகுது. முனை பூராம் தார். எஞ்சின் எங்க ஓடுது?"

"கொட்டாம்பட்டிப் பக்கம். எங்க அக்கா தோட்டத்துல."

"எஞ்சின் ஓடுறப்ப தண்ணி வெளிய வருமே, அந்தக் குழாயில கை வச்சுப் பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "ஜில்லுனு இருக்கும்."

"ஜில்லுனா?"

"கெணத்துத் தண்ணிதான. உள்ள போயி அப்புடியே வெளிய வந்துரும். வால்வ முழுசாத் தொறந்து வச்சிருக்கு."

அவர் கைப்பம்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எவன் சொன்னான், அப்புடித் தொறக்கச் சொல்லி?"

'நான்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து. வாய் வரவில்லை.

"ஒரு வாத்தியார்."

"வாத்தியாரா? தமிழ் வாத்தியாரா?"

"இல்ல. பிசிக்ஸ்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தறிக்காரர் தலையை நீட்டினார். "மாப்ள, கேட்டியா? பிசிக்ஸ் வாத்தியார் ஒருத்தரு ஆயில் எஞ்சினுக்கு ஐஸ் ஒத்தடம் குடுத்திருக்காரு!"

"காய்ச்சலா இருந்திருக்கும்ணே!" என்றார் தறிக்காரர்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு இரண்டாவது முறை.

பிறகு அவர் நாசிலின் முனையைக் கழற்றிப் புதுசு போட்டுக்கொண்டே, திட்டுவது மாதிரி விளக்கினார். உள்ளே எண்ணெய் எரியும் சூட்டில்தான் பிஸ்டன் தள்ளப்படுகிறது. சுவர் குளிர்ந்து கிடந்தால், தள்ளவேண்டிய சூட்டைச் சுவர் உறிஞ்சி வாய்க்காலில் விட்டுவிடும். பாதி எண்ணெய் வேகாமல் தாராகி ஒட்டும். "வெளிய வர்ற தண்ணியில கைய வைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க. மூணுக்கு மேலயும் கை நின்னா எஞ்சின் குளுருல கெடக்குனு அர்த்தம். ஒண்ணுலயே எடுத்துட்டா கொதிக்குதுன்னு அர்த்தம். மூணு. அம்புட்டுத்தான்ணே வித்தை." நாசிலைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். "அந்த வாத்தியாரப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க. ஒரு நாளு எஞ்சின்மேல கைய வச்சுட்டு அப்பறம் பாடம் எடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சந்திலிருந்து வெளியே வந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வைகைப் பாலம் வரை நடந்தேன். திரும்பி நடந்தேன். மறுபடி நடந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் மச்சான் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அக்கா என்னை எஞ்சின் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். "எனக்கு இது ஒண்ணும் தெரியாது தம்பி. நீ படிச்சவன். பாத்துச் சொல்லு." அதுவரை நான் எந்த எஞ்சினையும் தொட்டதில்லை. ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்: சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, எஞ்சினின் திறன் அவ்வளவு அதிகம். குளிர்ந்த பக்கத்தை இன்னும் குளிர்விக்க வேண்டும். சூத்திரம் சுத்தமானது, சாக்பீஸ் வாசனை உள்ளது. கொட்டகையில் ஒரு வால்வு முக்கால்வாசி மூடிக்கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் குழாயின் வால்வு. மச்சான் ஐந்தாவதோடு நின்றவர். பாவம், தெரியாமல் மூடி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். முழுதாகத் திறந்தேன். யாரும் கைதவறி மூடிவிடக் கூடாதென்று, வால்வின் சக்கரத்தைக் கட்டுக்கம்பியால் குழாயோடு சேர்த்து முறுக்கிக் கட்டினேன். அக்காவிடம் சூத்திரத்தையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

சூத்திரம் பொய்யில்லை. அது சொல்லும் குளிர்ந்த இடம், சூடு தன் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் போய்ச் சேரும் இடம். நானோ சூடு வேலைக்குக் கிளம்பும் வாசலிலேயே குளிரைக் கொண்டுபோய் வைத்தேன். எவ்வளவு நல்ல ஆயில் எஞ்சினும் தான் குடிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். மீதி சூடு, புகை, சத்தம், அதிர்வு. இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது பிள்ளைகள் உச்சுக்கொட்டுவார்கள், இவ்வளவு வீணா சார் என்று. அந்த ஒரு பங்கிலும் ஒரு கை அள்ளி நான் வாய்க்காலில் போட்டிருக்கிறேன். எட்டு வருடம். நாலாவது துண்டு பிறந்த நேரம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கம்பியை முறுக்கிய நேரம்.

சாயங்காலம் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தேன். மனைவி துணி எடுக்க வந்தாள்.

"தளம் தேஞ்சு கீழ் வீட்டுக்காரங்க சோத்துத் தட்டுல விழப் போறீங்க."

"அக்கா எஞ்சின்ல ஒரு தப்பு."

"எஞ்சின்லயா?" என்று கேட்டுவிட்டுத் துணியை மடித்தாள். பதினேழு வருடமாக என்னோடு இருப்பவள்.

மறுநாள் முதல் பேருந்தில் போய் இறங்கியபோது, அக்கா வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காகிதம் பனியில் ஊறித் தொய்ந்திருந்தது. அவள் ஏற்கெனவே கொட்டகையில் இருந்தாள். நாசிலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஸ்பேனரால் தானே மாட்டினாள். எனக்கு அந்த ஸ்பேனர் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதுகூட நிச்சயமில்லை. கேனிலிருந்த ஐந்து லிட்டரையும் சிந்தாமல் டேங்கில் ஊற்றினாள். கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள்.

"மெக்கானிக் என்ன சொன்னான்?"

"முனை மாத்திருக்கு. தார் புடிச்சிருந்துச்சாம்."

"ஏன் புடிச்சுச்சாம்?"

"அது… புடிக்கும்போல."

அவள் ஹேண்டிலைச் சுழற்றினாள். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் துண்டுக்குப் போனாள். அவள் முதுகு மறைந்ததும், நான் திருடனைப் போலக் குனிந்து கட்டுக்கம்பியைப் பிரித்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தது. விரல் நகத்தில் ரத்தம் வந்தது. சக்கரத்தை முக்கால்வாசி மூடினேன். வெளியே விழுந்த தண்ணீர் மெலிந்து, ஒரு விரல் கனத்துக்கு வந்தது. கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. வெளியே போய் வேப்ப மரம்வரை நடந்து வந்தேன். கை வைத்தேன். வெதுவெதுப்பு. மறுபடி மரம்வரை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இன்னும் கொஞ்சம் மூடினேன். புகைக் குழாயில் இத்தனை நாள் கண்ணை எரித்த சாம்பல் புகை மெலிந்துகொண்டே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிட்டேன். உள்ளங்கை சிவந்திருந்தது. எனக்கு ஓடவேண்டும்போல் இருந்தது. எங்கே என்று தெரியவில்லை.

அக்காவிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்ற நினைப்பும் வந்தது. நாசில் சரியானது, அதனால் எண்ணெய் மிஞ்சியது. பொய்யும் இல்லை. பாதி உண்மை.

இரண்டு ஜெபமாலை கழித்து அவள் முகம் கழுவ வந்தாள். வேலைக்கு நடுவில் அந்தக் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுவது அவள் வழக்கம். எனக்கு அது ஞாபகம் வந்து, வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"ஆத்தாடி!"

கையை உதறிக்கொண்டு குழாயைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள். "கொதிக்குதுடா! எஞ்சின் போயிரும்டா! யாருடா இதை மூடுனது?" வால்வுக்குப் பாய்ந்தாள். நான் சக்கரத்தின்மேல் கையை வைத்து மறைத்தேன்.

"தொறக்காதக்கா."

"விடுறா! ஜாம் ஆயிட்டா பயிரு பூராம் போச்சு!"

"ஆகாதுக்கா. இப்புடித்தான் இருக்கணும். சூடாத்தான் ஓடணும்."

"நீதானடா சொன்ன, குளுந்தே இருக்கணும்னு? கம்பி போட்டுல்ல கட்டிட்டுப் போன?"

"தப்பாச் சொல்லிட்டேன்கா."

எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடி கத்தினேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன். அன்னைக்கே தப்பு. எண்ணெய் வீணாப் போனதே அதுலதான். நாலாவது துண்டு காஞ்சது என்னாலதான்."

அவள் கை இறங்கியது. நனைந்த விரல்களைச் சேலையில் துடைத்தாள், ஒவ்வொன்றாக.

"எட்டு வருசமா?"

"ஆமாக்கா."

"அவரு மூடித்தான வச்சிருந்தாரு."

"ஆமா."

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த மனுசனுக்கு வெவரம் பத்தலைன்னு நெனச்சுக்கிட்டேன்டா. நீ தொறந்துவிட்டப்ப. இத்தன வருசம் தெரியாமலே ஓட்டியிருக்காரேன்னு."

நான் வீணாக்கிய டீசலைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். இது என் கணக்கிலேயே வரவில்லை.

அவள் ஜெபமாலையை என் கையில் போட்டாள். "எனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு. ரெண்டு முடிஞ்சுச்சு. மிச்சத்த நீ சொல்லு. நடந்துக்கிட்டே இல்ல, உக்காந்து சொல்லு. வேகமாச் சொன்னியோ, மாதா பாத்துக்கிட்டிருக்கும்." மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உட்கார்ந்தேன். கொட்டகை வாசலில், எஞ்சினுக்கு முழங்கை தூரத்தில். இரண்டு கூழாங்கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரு முழு ஜெபமாலையை உட்கார்ந்து சொல்லி முடித்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியாது. கோயிலில்கூடப் பாதியில் எழுந்து வெளியே போய் நிற்பவன் நான். கால் ஆடியது, மணி உருண்டது. தரை எஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்ததில் என் கால் ஆடுவது எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு ஜெபமாலைக்கும் ஒரு கல், ஒருமுறை குழாயில் கை. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது கல்லில் பனி விலகி வெயில் வந்தது. ஏழாவதில் அக்கா இரண்டாவது துண்டின் வாயை அடைத்து மூன்றாவதுக்குப் போய் நேரமாகியிருந்தது. ஒன்பதாவது. பத்தாவது கல்லை வைத்தபோது, பாதிச் செபத்தில் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேட்டேன். வழக்கமாக இருமி நிற்கும் இடம் இது. அது இருமவில்லை. ஒரே சீராக ஓடியது. பதினொன்று. எழுந்து டேங்கைத் திறந்து பார்க்கத் துடித்தது உடம்பு. பார்க்கவில்லை. பனைகளுக்கு அந்தப் பக்கம் அவள் சேலையின் மஞ்சள் மட்டும் அவ்வப்போது அசைந்தது.

பன்னிரண்டாவது ஜெபமாலையின் கடைசிப் பத்து மணியில் எஞ்சின் தடுமாறியது. நான் செபத்தை வேகமாகச் சொன்னேன், மாதா மன்னிக்கட்டும். உருட்ட இன்னும் மூன்று மணி மீதமிருக்கையில் அது இரண்டு தரம் விக்கி, ஓய்ந்தது. அந்த அமைதியில் தூரத்துச் சாலையில் லாரி போவது கேட்டது.

அக்கா வெகுநேரம் கழித்து வந்தாள். முழங்கால்வரை சேறு. நான் எழுந்து நின்றேன்.

"எம்புட்டுக்கா?"

"மூலையில ஒரு பாய் விரிக்கிற அளவு காஞ்சு கெடக்கு. மத்தது பூராம் கால் பொதையுது."

"வாளியில மோந்து ஊத்தட்டா? வாய்க்கால்ல கொஞ்சம் நிக்கும்ல?" கிளம்பிவிட்டேன்.

"நில்லுடா. அது கெடக்கட்டும், அறுக்கயில பாத்துக்கிறேன்."

எஞ்சின் பக்கத்தில் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாளா, செபமா என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டாள். கீழே கிடந்த பழைய கட்டுக்கம்பியைப் பொறுக்கி நிமிர்த்தி, மூடியிருந்த வால்வை அதே இடத்தில் அசையாமல் வைத்துக் குழாயோடு சேர்த்துக் கட்டினாள். நான் அன்று முறுக்கியதைவிட ஒரு சுற்று அதிகம்.

"இதுல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. வாத்தியாரா இருந்தாலும்."

"சரிக்கா."

"வா, சாப்புட்டுப் போ. உக்காந்து சாப்புடணும்."

வீட்டில் பாயில் உட்கார்ந்தேன். நேற்றைய மீன் குழம்பு. கால் ஆடியது. அக்கா பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.